வெறும் இரும்பும் சட்டை போட்ட இரும்பும்

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்தால் உள்ளே வட்டக் காந்தம் ஒன்று கிடைக்கும். அதை நூலில் கட்டி, மழை ஓய்ந்த மறுநாள் ஓடை மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் வயதுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் அது. பத்தடி போவதற்குள் காந்தத்துக்குத் தாடி முளைத்துவிடும். கறுகறுவென்ற தூள். அதைத் தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நிற்கும், படுக்கும், ஊர்ந்து போகும். உயிருள்ள ஒன்றைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அந்தத் தூளுக்குப் பெயர் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கரிசல் மண் ஏன் கறுப்பு என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் டைட்டானியம் கலந்த மேக்னடைட்டும் ஒன்று. களிமண்ணோடு இறுகப் பிணைந்த மக்கு இன்னொன்று. இதே மேக்னடைட்டை இன்று ஆய்வுக்கூடங்களில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் செய்கிறார்கள். இரண்டு வகை இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, அளவாக அம்மோனியா ஊற்றினால் கரைசல் சட்டென்று கறுத்துவிடும். அந்த உப்புகளில் ஒன்றாக நம் ஊர் உரக்கடையில் விற்கும் அன்னபேதியையே பயன்படுத்தலாம். அப்படிக் கிடைக்கும் ஒரு துகளின் குறுக்களவு பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவில் இருக்கும். நம் ரத்தத்தின் சிவப்பணுவோ ஏழு முதல் எட்டு மைக்ரான். சிவப்பணுவை இருபத்தைந்து அடி அகலக் கமலைக் கிணறாக எண்ணிக்கொண்டால், இந்தத் துகள் அதில் விழுந்த ஒரு நிலக்கடலைப் பருப்பு.

இப்படிப்பட்ட துகள்களை மருந்தாகவும் ஸ்கேன் படத்துக்கான மையாகவும் மனித ரத்தத்தில் செலுத்தியிருக்கிறார்கள். அப்போது ரத்த அணுக்களுக்கு என்ன ஆகிறது? தூரத்து ஊர் ஆராய்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தத் துகளின் நெருங்கிய உறவினர் ஒருவர் நம் ஊர் மகப்பேறு வார்டுகளில் நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருக்கிறார்.

பழுப்பு நிறப் பாட்டில்

"ரத்தம் எட்டுதான் இருக்காம்" என்பது இந்தப் பக்கத்தில் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. எட்டு என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், கிராம் கணக்கில். கர்ப்பிணிக்கு அது பதினொன்றாவது இருக்க வேண்டும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தீப்பெட்டி ஆபீசில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் திரும்புகிற பெண்ணின் களைப்பை "வேலை அலுப்பு" என்று வீடே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அதில் எத்தனை பங்கு வேலை, எத்தனை பங்கு இரும்புக் குறைவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மாத்திரை போதாது, அல்லது மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பிரசவத்துக்கும் நாள் குறைவு என்றால் மருத்துவர் அயர்ன் சுக்ரோஸ் எழுதுவார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைக் கொடுக்க மாட்டார்கள். 100 மில்லி சலைனில் கலந்து தொங்கவிட்டிருக்கும் அந்தப் பாட்டிலின் நிறம் கருப்பட்டிக் காப்பியை நினைவூட்டும். அருகில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு "ரத்தம் ஏத்துறாங்க" என்பார்கள். ஏறுவது ரத்தம் அல்ல, இரும்பு. நடுவில் இரும்பு ஹைட்ராக்சைடு பருப்பு, சுற்றிலும் சர்க்கரைப் போர்வை. கடலை மிட்டாய் ஊர்க்காரர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. இதுவும் நானோ துகள்தான். இதன் பருப்பு வேறு வகை இரும்புச் சேர்மம் என்பதால் காந்தத்துக்கு மேக்னடைட்போல் எழுந்து வராது. மற்றபடி ரத்தத்தில் நுழைந்ததும் இரண்டும் சந்திக்கிற கேள்விகள் ஒன்றேதான்.

காந்தம் ரத்தத்தை இழுக்குமா?

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகவே காந்தம் அதை இழுக்கும் என்று நினைப்பது இயல்பு. காந்தப் படுக்கையையும் காந்த வளையலையும் "ரத்த ஓட்டம் சீராகும்" என்று சொல்லி விற்கிறவர்கள் நம்பியிருப்பது இந்த நினைப்பைத்தான்.  வளர்ந்த ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம். ஒரு ஆணியின் எடை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ஆனால் ஆணியில் உள்ள இரும்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அணிவகுத்து நிற்கின்றன. ஹீமோகுளோபினில் ஒவ்வொரு இரும்பணுவும் ஒரு வளையத்துக்குள் தனியே உட்கார்ந்திருக்கிறது. அணி சேராத இரும்புக்கு ஆணியின் குணம் வராது.

1845இல் மைக்கேல் ஃபாரடே காய்ந்த ரத்தத்தைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தார். அது காந்தத்தால் கவரப்படவில்லை. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினைக் காந்தம் மிக லேசாக விலக்குகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை மிக லேசாக இழுக்கிறது. இந்த மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1990இல் செய்ஜி ஒகாவா, மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு வழி திறந்தார். அந்தக் கருவியின் பெருங்காந்தத்துக்குள் படுத்து எழுந்தவர்களின் ரத்தம் ஓரிடத்தில் தேங்கிவிடுவதில்லை. வளையல் காந்தம் எந்த மூலைக்கு?

மேக்னடைட் துகள் அப்படியல்ல. அது நிஜமாகவே இழுபடும். ஆனால் இருபது நானோமீட்டருக்குக் கீழே சிறுத்துவிட்டால் அதற்கு ஒரு நல்ல குணம் வந்துவிடுகிறது. காந்தத்தை அருகே கொண்டுபோனால் இழுபடுகிறது; எடுத்துவிட்டால் தான் காந்தமாக இருந்ததையே மறந்துவிடுகிறது. மருத்துவத்துக்கு இந்த மறதி அவசியம். மறக்காத பெரிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரமாகும். சிவப்பணு தன்னை மடித்துக்கொண்டு நுழைகிற நுண்குழாய்களில் அந்தச் சரம் போய் அடைத்துக்கொண்டால் ரத்த ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்.

தீக்குச்சியும் பெட்டிப் பட்டையும்

ஆக, துகளின் காந்தத்தன்மை சிவப்பணுவை நேரடியாகக் கெடுப்பதில்லை. கெடுப்பது எது என்று கேட்டால், வெறும் இரும்பு. இதை விளக்கக் கோவில்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தீக்குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்; பெட்டியின் ஓரப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்வரை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாம். உரசினால் தீ. உடம்பிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. நம் அணுக்கள் மூச்சுவிடும் வேலையில் ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அது தனியாக இருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். மூடாத இரும்பணு ஒன்று அதைத் தொட்டால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அருகில் உள்ள எதையும் தாக்கும் ஒரு மூர்க்கமான மூலக்கூறு பிறக்கிறது. ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்த வினையின் தொடர்ச்சியாக வேதியியலர்கள் இதை ஃபென்டன் வினை என்கிறார்கள். சிவப்பணுவின் மேற்சவ்வு கொழுப்பால் ஆனது. இந்தத் தீ அதில் பற்றினால் சவ்வு விறைக்கிறது, முற்றினால் கிழிகிறது, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. கொட்டிய ஹீமோகுளோபின் அளவுக்கு மீறினால் சிறுநீர் கறுத்து, சிறுநீரகம்வரை பாதிப்பு போகும்.

அதனால்தான் உடம்பு இரும்பை ஒருநாளும் வெறுமனே உலவ விடுவதில்லை. ரத்தத்தில் ஊர்விட்டு ஊர் போகும்போது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமக்கிறது. வேலையில் இருக்கும்போது ஹீமோகுளோபினின் வளையம் அதைப் பிடித்துவைக்கிறது. சேமித்து வைக்கும்போது ஃபெரிட்டின் என்ற புரதக் குதிருக்குள் அடைபடுகிறது. அந்தக் குதிரின் வெளி அகலம் 12 நானோமீட்டர். உள்ளே 4,500 இரும்பணுக்கள்வரை கொள்ளும். மனிதர் நானோ துகள் செய்யக் கற்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிரினங்கள் மூடிபோட்ட இரும்பு நானோ துகளைச் செய்து பயன்படுத்தி வந்திருக்கின்றன. மருந்துத் துகளுக்கும் இதே விதிதான். அதன் சட்டை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே அது மருந்தா நஞ்சா என்பது முடிவாகிறது.

சட்டை சரியில்லாத துகள் எப்படியெல்லாம் தொல்லை தரும் என்பது பல ஆய்வுக்கூடங்களில் பார்த்த விஷயம். சிவப்பணுவின் வெளிப்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. அதனால்தான் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி ஓடுகின்றன. துகளின் சட்டைக்கு நேர்மின் தன்மை இருந்தால் அது சிவப்பணுவில் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைப் பிய்க்கிறது. வெறும் மேக்னடைட்டும், அதிக அளவில் போனால், சேதம் செய்கிறது. டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலியாலோ வழுவழுப்பான பாலிமராலோ போர்த்திய துகளைப் பக்கத்தில் வைத்தாலும் சிவப்பணு பெரும்பாலும் அசைவதில்லை. சிவப்பணுவுக்கு விழுங்கும் பழக்கமும் இல்லை. விழுங்குகிறவை வெள்ளணுக்கள். துகள் ரத்தத்தில் விழுந்த சில நொடிகளிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் அப்பிக்கொள்கின்றன. சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. அந்த மேற்சட்டையைப் பார்த்துத்தான் கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் நிற்கும் விழுங்கணுக்கள் அதை அள்ளிக்கொள்கின்றன.

துகள் சிவப்பணுவை உடைக்கிறதா என்று சோதிக்கும் முறை எளியது. ரத்தத்தோடு துகளைக் கலந்து, உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, வேகமாகச் சுழற்றினால் முழு அணுக்கள் அடியில் படியும். உடைந்தவற்றின் சிவப்பு மேலே தெளிவில் நிற்கும். எவ்வளவு சிவப்பு என்பதை ஒளியை ஊடுருவவிட்டு அளப்பார்கள். உடைசல் 2 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் நல்லது, 5ஐத் தாண்டினால் ஆகாது என்பது பொது வழக்கம். ஒரு சிக்கல் உண்டு. இரும்புத் துகளே பழுப்பு நிறம் என்பதால் தெளிவில் மிதக்கும் துகளை உடைசல் என்று தப்பாக எண்ணிவிடலாம். துகள் ஹீமோகுளோபினைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்தால் உடைசலே இல்லை என்றும் ஏமாறலாம். "எங்கள் துகளால் ரத்தத்துக்குப் பாதிப்பே இல்லை" என்று ஒரு செய்தி வரும்போது, துகளை மட்டும் தனியே அளந்து கழித்தார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கல்லூரியில் நானோ செயல்திட்டம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

சட்டை மாறினால் கதை மாறும்

மருந்துகளின் வரலாறும் சட்டையைப் பற்றியதுதான். 1950களில் டெக்ஸ்ட்ரான் போர்த்திய இரும்பு ஊசி வந்தது. பலரைக் காப்பாற்றியது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையையும் கொண்டுவந்தது. அதற்கு முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது இரும்பு அல்ல, டெக்ஸ்ட்ரான்தான். 1996இல் கல்லீரல் படம் எடுக்க மேக்னடைட் துகள் மை ஒன்றுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2009இல் ஃபெருமாக்சிடால் என்ற மருந்து வந்தது. மேற்சொன்ன ஓடைத்தூளின் வம்சமேதான். சிறுநீரக நோயாளிகளின் ரத்தச்சோகைக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். முதலில் 510 மில்லிகிராமை ஏறத்தாழ 17 நொடியில் ஏற்றிவிடலாம் என்றிருந்தது. கடுமையான ஒவ்வாமையால் மரணங்களும் நேர்ந்தபின், 2015இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் உச்ச எச்சரிக்கை விதித்து, நீர்க்கவைத்து, குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்றச் சொன்னது. அதே இரும்பு, அதே சட்டை. வேகம் மட்டும் மாறியது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில் மூன்று மாதம்வரை அதன் நிழல் விழக்கூடும் என்பதால், ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் மருந்தோடு வருகிறது.

நம் வார்டு பாட்டிலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அயர்ன் சுக்ரோஸின் சர்க்கரைச் சட்டை அவ்வளவு இறுக்கமானதல்ல. வேகமாக ஏற்றினால் சட்டை கழன்ற இரும்பு டிரான்ஸ்ஃபெரின் சுமக்கும் அளவைத் தாண்டிவிடும். ரத்த அழுத்தம் இறங்கும், படபடப்பு வரும். ஆகவேதான் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் அளவோடு நிறுத்தி, நாள் விட்டு மறுபடி வரச் சொல்கிறார்கள். "ஒரே நாள்ல முடிச்சு விடுங்க தாயி, வேல கெடுது" என்று நர்ஸம்மாவிடம் மாமியார்கள் கெஞ்சுவது உண்டு. வேலை கெடுவது உண்மை. அந்த வீட்டுக்கு ஒருநாள் கூலி என்பது சின்னக் காசு அல்ல. ஆனால் குழாயின் உருளையைத் திருகி வேகமாக்கக் கூடாது, அருகில் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சட்டை இன்னும் இறுக்கமான ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தை ஒரே நாளில் 1,000 மில்லிகிராம்வரை ஏற்ற முடிகிறது.

இரும்பு கிடந்தும் வெளுக்கும் பயிர்

கரிசலில் இதே கதை வயலிலும் நடக்கிறது. இந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது வேருக்கு எட்டாத வடிவில் இறுகிக் கிடக்கிறது. நிலக்கடலையும் சோளமும் இளங்குருத்திலேயே மஞ்சள் பாய்ந்து வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். விவசாயி அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளிப்பார். வேர் வழி அடைபட்டால் இலை வழி. குடல் வழி போதவில்லையென்றால் நரம்பு வழி.

அன்னபேதி சித்த மருத்துவத்திலும் உண்டு. அன்னபேதிச் செந்தூரம் ரத்தச்சோகைக்கு, அவர்கள் சொல்லில் பாண்டு நோய்க்கு, கொடுப்பது. இன்னொன்று அயக்காந்தச் செந்தூரம். இரும்பையும் காந்தக்கல்லையும் மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டுச் செய்வது. கறுத்த காந்தக்கல் தீயில் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு சிவந்துவிடுகிறது. செந்தூரம் என்ற பெயரே அந்த நிறத்தைச் சொல்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இத்தகைய செந்தூரங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இதை வைத்து "சித்தர்கள் அன்றே நானோ கண்டார்கள்" என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கண்டது வேறொன்று, அதுவும் பெரியது: இரும்பை அப்படியே தரக் கூடாது, பக்குவம் செய்துதான் தர வேண்டும் என்பது. வாய்வழி போகிற இரும்புக்குக் குடலில் ஒரு வாசல் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், தேவை பார்த்து அந்த வாசலைத் திறக்கும், அடைக்கும். நரம்பில் போடுவது அந்த வாசலைத் தாண்டிக் குதிப்பது. உள்ளே போன இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகக் கழிவதோடு சரி. ஆகவே செந்தூரத்தில் கண்டதை ஊசிக்கும், ஊசியில் கண்டதைச் செந்தூரத்துக்கும் மாற்றிப் பேச முடியாது. இரண்டையும் தகுந்த மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வாசல் வழியாகப் போகிற இரும்புக்கு இந்த மண்ணிலேயே வழி இருக்கிறது. 100 கிராம் கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை. இரவு புளிக்கவிட்டுக் காய்ச்சும் கம்மங்கூழில், இரும்பைப் பிடித்துவைக்கும் பைடேட் குறைகிறது. மாத்திரை விழுங்கிய கையோடு டீ குடித்தால் டீயின் துவர்ப்பு இரும்பை மடக்கிவிடும். தீப்பெட்டி ஆபீஸ்களில் பதினொரு மணி டீ தவறாது வரும். மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

உடம்புக்கு வெளியே

காந்தத் துகள்கள் ரத்த அணுக்களுக்கு அதிகம் உதவுவது உடம்புக்கு வெளியேதான் என்பது என் எண்ணம். துகளின் சட்டையில் ஒரு குறிப்பிட்ட அணுவை மட்டும் பற்றும் கொக்கியைத் தைத்து, ரத்தத்தில் கலந்து, காந்தத்தின் அருகே ஓடவிட்டால் அந்த அணு மட்டும் நின்றுவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகள் சிலவற்றில் மூல அணுக்களை இப்படிப் பிரிக்கிறார்கள். ரத்தத்தில் அலையும் புற்றணுக்களை இப்படிப் பிடித்து எண்ணும் கருவிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொரோனாக் காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கப் பல ஆய்வகங்களில் காந்த மணிகளே உதவின. மலேரியா தாக்கிய சிவப்பணுவுக்கோ வெளித்துகளே தேவையில்லை. கிருமி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு மிச்சம் வைக்கும் கறுப்புப் படிகம் காந்தத்துக்கு லேசாக இழுபடும். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியை அடையாளம் கண்டது அந்தக் கறுப்பு நிறமியை வைத்துத்தான்.

விழுங்கணுக்கள் அள்ளிக்கொண்ட துகளை விட்ட இடத்துக்கு வருகிறேன். கல்லீரலிலும் மண்ணீரலிலும் அவை துகளைத் தம் அமிலப் பைக்குள் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. முதலில் சட்டை, பிறகு பருப்பு. கழன்ற இரும்பு ஃபெரிட்டின் குதிருக்குப் போகிறது. கேட்கும்போது டிரான்ஸ்ஃபெரின் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் பயணிக்கிறது. அங்கே புதிதாகப் பிறக்கும் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் வளையத்துக்குள் அமர்கிறது. கதிரியக்க இரும்பால் அடையாளமிட்ட காந்தத் துகள்களை எலிகளுக்குக் கொடுத்து, அதே இரும்பு சில வாரங்களில் சிவப்பணுக்களுக்குள் வந்து சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். வார்டில் பழுப்பு நிறப் பாட்டில் ஏற்றிக்கொண்ட பெண்ணை நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்வது இதற்காகத்தான். அன்று விரல் நுனியில் எடுக்கும் சொட்டில் இருக்கும் சிவப்பணுக்கள் சில, பாட்டிலில் வந்த இரும்பைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு இன்னும் நூறு நாளுக்கு மேல் ஆயுள் இருக்கிறது.